டிகிரிக்கு அப்புறம் என்ன தருவாங்க?

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் மார்க்கத்தில் போகும் லோக்கல் ரயிலில் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி என்று வரிசையாக ஊர்ப் பெயராகவே வந்துகொண்டிருக்கும். ஆவடி தாண்டியதும் திடீரென்று ஒரு காலேஜ் வரும். ஸ்டேஷன் பெயரே இந்துக் கல்லூரி! பட்டாபிராமில் 1969-ல் ஆரம்பித்த தர்மமூர்த்தி ராவ் பகதூர் கலவல கண்ணன் செட்டி இந்துக் கல்லூரியைத்தான் ரயில்வேக்காரர்கள் அப்படிச் சுருக்கியிருக்கிறார்கள். முழுப் பெயரையும் எழுதினால் மஞ்சள் போர்டு அன்னனூர் வரை நீளும் என்று பயந்திருப்பார்கள்.

அங்கே படித்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஐம்பது வயதானாலும் ரயிலில் உட்கார்ந்தபடியே பேரனிடம் "இதான்டா தாத்தா படிச்ச காலேஜ்" என்று போர்டைக் காட்டலாம். டிக்கெட்டில் காலேஜ் பெயர் அச்சாகி வரும். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவனுக்குக்கூட அப்படியொரு கொடுப்பினை உண்டா என்றால், அங்கே ஊர் பெயரும் ஆக்ஸ்ஃபோர்டு என்பதால் கணக்கில் சேராது. (நான் பட்டாபிராமில் படித்தவன் இல்லை. நகரத்துக்குள் ஒரு காலேஜில் பி.காம்., 2009 பேட்ச். பெயர் வேண்டாம். கீழே கொஞ்சம் வம்பு வருகிறது.)

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்றால், எங்கள் தெருப் பையன் ஒருவன். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட், சாயங்காலம் காலேஜ். கடைசி செமஸ்டர். போன வாரம் பால் பூத்தில் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, பரீட்சை ஃபீஸோட சேர்த்து அலும்னி அசோஸியேஷனுக்கு ஆயிரம் ரூபா கட்டச் சொல்றாங்க. லைஃப் மெம்பராம். கட்டினா என்ன தருவாங்க?"

நல்ல கேள்வி. பி.காம். படித்த எவனும் முதல் வருஷமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்று மூன்று வருஷம் மனப்பாடம் செய்துவிட்டு, ஆயிரம் வெளியே போகிறது, உள்ளே என்ன வருகிறது என்று கேட்காமல் கட்டிவிட்டுப் போன ஜாதி நாங்கள்.

ஒரு காலத்தில் பட்டதாரிக்கு நிஜமாகவே சலுகை இருந்தது. சாதாரணச் சலுகை இல்லை, இரண்டாவது ஓட்டு! தமிழ்நாட்டில் சட்ட மேலவை என்று ஒன்று இருந்ததே, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களைப் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பார்கள். டிகிரி வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தால் போதும். உங்கள் பக்கத்து வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சி உங்களைவிடப் பத்து மடங்கு சம்பாதிக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு ஓட்டு, உங்களுக்கு இரண்டு. 1986 நவம்பர் 1-ம் தேதியோடு மேலவையை மூடினார்கள். அந்த ஓட்டும் போயிற்று. 2010-ல் மறுபடி கொண்டுவர நாடாளுமன்றம் வரை போய்ச் சட்டம் பாஸாகி, 2011-ல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். நான் டிகிரி வாங்கி மூன்று வருஷம் ஆவதற்குள் திட்டமே முடிந்துவிட்டது. என் அதிர்ஷ்டம் எப்போதும் இப்படித்தான், கடைசி பஸ் டெப்போவுக்குள் நுழையும்போது நான் ஸ்டாப்பில் நிற்பேன்.

ஓசூரைத் தாண்டினால் இன்றைக்கும் அந்த ஓட்டு உண்டு. கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா எல்லாவற்றிலும் மேலவை இருக்கிறது. பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் நம் பையன்கள் அங்கேயே குடியிருந்தால், 18-ம் நம்பர் ஃபாரம் பூர்த்தி செய்து கொடுத்துப் பட்டதாரித் தொகுதியில் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். டிகிரி மெட்ராஸ் யூனிவர்சிட்டி என்றாலும் பரவாயில்லை, இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகமானாலும் செல்லும். ஆனால் அங்கே பட்டன் கிடையாது. பேப்பரில் 1, 2, 3 என்று முன்னுரிமை போட வேண்டும். 2021-ல் தெலங்கானாவில் நடந்த பட்டதாரித் தொகுதித் தேர்தலில் ஆயிரக்கணக்கான ஓட்டு செல்லாத ஓட்டு. போட்ட அத்தனை பேரும் டிகிரி ஹோல்டர்கள்! ஒன்று, இரண்டு, மூன்று எழுதத் தெரியாமல் இல்லை. டிக் அடித்திருப்பார்கள், கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பட்டதாரிக்கு எங்கே பேப்பரைக் கண்டாலும் கையெழுத்துப் போடத்தான் தோன்றும்.

வெள்ளைக்காரன் ஊரிலும் 1950 வரை இந்தக் கதைதான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளுக்கு வீட்டுத் தொகுதியில் ஒரு ஓட்டு, யூனிவர்சிட்டி தொகுதியில் ஒரு ஓட்டு. அதை எடுத்துவிட்டாலும் இன்னொரு சலுகையை எடுக்கவில்லை. அதைக் கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும். ஆக்ஸ்ஃபோர்டில் பி.ஏ. முடித்தவர், காலேஜில் சேர்ந்து 21 டெர்ம், அதாவது ஏழு வருஷம், ஆகிவிட்டால் எம்.ஏ. பட்டம் வாங்கிக்கொள்ளலாம். கிளாஸ் கிடையாது, பரீட்சை கிடையாது. உயிரோடு இருந்தால் போதும்! கேம்பிரிட்ஜிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. இங்கே நாம் கரஸ்பாண்டன்ஸில் எம்.காம். போட்டு, ஞாயிற்றுக்கிழமை கான்டாக்ட் கிளாஸுக்கு ஓடி, கடைசியில் ஒரு பேப்பர் அரியரில் நின்று... சரி, விடுங்கள்.

மெட்ராஸ் யூனிவர்சிட்டியும் சும்மா இல்லை. 1923 சட்டத்தில், பெயரைப் பதிவு செய்துகொண்ட பட்டதாரிகள் செனட்டுக்குத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வழி வைத்தார்கள். எத்தனை பட்டதாரிக்கு இது தெரியும் என்று எங்கள் ஆபீஸில் பதினோரு பேரைக் கேட்டுப் பார்த்தேன். பத்துப் பேர் "செனட்டா, அமெரிக்காவுல இல்ல இருக்கு?" என்றார்கள். பதினோராவது ஆள் மானேஜர். அவர் "ஸ்டேட்மென்ட் முடிச்சாச்சா?" என்றார்.

* * *

காலேஜ் நமக்குத் தருவது ஒருபுறம் இருக்கட்டும். நாம் காலேஜுக்குத் தருவது என்று ஒரு கணக்கு இருக்கிறது. 2024 ஆகஸ்டில், 1970-ல் எம்.டெக். முடித்த கிருஷ்ணா சிவுகுலா என்பவர் சென்னை ஐ.ஐ.டி.க்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். ஒரே ஆள். 2023-ல் நந்தன் நிலேகனி பம்பாய் ஐ.ஐ.டி.க்கு 315 கோடி. ஐ.ஐ.டி.யில் வெள்ளி விழா ஆண்டு வந்தால் பேட்ச் மொத்தமும் சேர்ந்து கட்டடம், ஸ்காலர்ஷிப் என்று செய்வது வழக்கமாகவே இருக்கிறது.

நாங்களும் கொடுத்திருக்கிறோம். 2009 பி.காம். பேட்ச் சார்பில் ஒரு வாட்டர் ஃபில்டர். அதில் தண்ணீர் வரும் குழாய் அரை இன்ச். நன்கொடையாளர் கல்வெட்டு இரண்டடிக்கு மூன்றடி. அறுபத்தெட்டுப் பேர் பெயரையும் செதுக்க ஆன செலவு ஃபில்டரைவிட ஜாஸ்தி. தண்ணீர் குடிக்க வருகிற பையன் குடித்து முடிப்பதற்குள் எங்கள் அட்டெண்டன்ஸை முழுக்கப் படித்துவிடலாம்.

நாங்களாக நினைத்துக்கொண்டு கொடுத்ததா என்றால் இல்லை. பதினோரு வருஷம் மூச்சே காட்டாத காலேஜிலிருந்து ஒரு நாள் போன். "மிஸ்டர் இன்னார்தானே? எப்படி இருக்கீங்க? உங்களை எல்லாம் மறக்க முடியுமா!" குரலில் அப்படியொரு பாசம். சம்பளம், பதவி, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வேறு ஏதாவது எழுத்து உண்டா என்று எல்லாம் விசாரித்தார்கள். அம்மாவுக்கு உடம்பு எப்படி என்றுகூடக் கேட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் காலேஜ் வாத்தியாராக இருக்கும் ஒரு சிநேகிதன்தான் விளக்கினான். "நாக் வருதுடா."

நாக் என்றால் நாகப்பாம்பு இல்லை. 1994-ல் ஏற்பட்ட தேசிய மதிப்பீட்டுக் கவுன்சில். காலேஜ்களுக்கு ஏ, பி என்று கிரேடு போடுகிறவர்கள். அவர்களுடைய கேள்வித்தாளில் ஐந்தாவது தலைப்பு மாணவர் நலன். அதற்குள் நாலாவது அம்சம், முன்னாள் மாணவர் ஈடுபாடு. அதாவது 5.4. பதிவான சங்கம் உண்டா, அது காலேஜுக்கு என்ன செய்திருக்கிறது என்று கேட்பார்கள். இது தெரிந்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. பார்க்கப்போனால் எனக்கும் கல்யாணப் பத்திரிகை அடித்தபோதுதான் பல சொந்தக்காரர்களின் விலாசம் தேவைப்பட்டது. ஏதோ ஒரு 5.4 இல்லாவிட்டால் யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை.

ஆகவே அந்தப் பையனுக்கு நான் சொன்னது இதுதான். "கட்டுடா தம்பி. ரசீது வாங்கு. சங்கம் ரிஜிஸ்டர் ஆயிருக்கான்னு கேளு." தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 என்று ஒன்று இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். பதிவான சங்கம் என்றால் வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவை ஆடிட் செய்து வைக்க வேண்டும். நீ மெம்பர் என்றால் பொதுக்குழுவில் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். பழைய மாணவர் தின விழாக்களில் நான் பார்த்தவரை, மட்டன் பிரியாணி டோக்கன் பற்றி எழுந்து நின்று கேட்டவர்கள் உண்டு. பாலன்ஸ் ஷீட் பற்றிக் கேட்ட ஒரு காமர்ஸ்காரனை இதுவரை காணவில்லை. ஐந்நூறு பேர் ஆளுக்கு ஆயிரம் என்றால் வருஷத்துக்கு ஐந்து லட்சம். பத்து வருஷத்துக்கு ஐம்பது லட்சம், வட்டி தனி. இந்தப் பணத்தில் மூன்றாம் வருஷ ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றுபோகிற பையன்களில் எத்தனை பேரைக் கரையேற்றலாம்? அதைக் கேட்கத்தான் அந்த ஆயிரம் ரூபாய். மக்கும் பேனாவும் கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொள், பேனா எழுதாது.

"அவ்வளவுதானாண்ணே?" என்றான். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. "லைப்ரரி யூஸ் பண்ணிக்கலாமா?" என்று கேட்டான். கேட்டுப் பார்க்கச் சொன்னேன். இல்லையென்றால் எழும்பூரில் கன்னிமாரா, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். இரண்டுக்கும் எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

* * *

கணக்கில் வராத ஒரு சமாசாரம் இருக்கிறது. அதற்கு யாழ்ப்பாணம் வரை போக வேண்டும்.

மெட்ராஸ் யூனிவர்சிட்டி ஆரம்பித்தது 1857-ல். அதன் முதல் பட்டதாரிகள் யார் தெரியுமோ? மயிலாப்பூர்க்காரர் இல்லை, திருவல்லிக்கேணிக்காரரும் இல்லை. கடல் தாண்டி வந்த இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. பிற்பாடு 1887-ல் கலித்தொகையை அச்சேற்றிய அதே தாமோதரம் பிள்ளைதான். இரண்டு பேருமே வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். 1823-ல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய பள்ளி அது. 1855-ல் அதை மூடிவிட்டார்கள். ஆக, நம் யூனிவர்சிட்டியின் முதல் பட்டதாரிகளுக்குப் பட்டம் கிடைக்கும் முன்பே படித்த காலேஜ் போய்விட்டது!

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? "ஒரு காலத்துல எப்படி இருந்த இடம்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு டீ சொல்வோம். செமினரியில் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எங்களுக்கு ஒரு உயர்கல்லூரி வேண்டும் என்று விடாமல் முயன்று, 1872-ல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. காலேஜ் பழைய மாணவர்களை உண்டாக்குவதுதான் உலக வழக்கம். அங்கே பழைய மாணவர்கள் ஒரு காலேஜை உண்டாக்கினார்கள்.

அந்த ரத்தம் இன்னும் ஓடுகிறது. டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த ஊர் என்பதற்கு அடுத்த கேள்வி, எந்தப் பள்ளிக்கூடம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஊர் ஊராகப் பழைய மாணவர் சங்கம். ஊரைவிட்டே ஓட வேண்டிய நிலைமை வந்த பிறகும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. ராச்சாப்பாட்டுக் கூட்டம் போட்டு, டிக்கெட் விற்று, அந்தப் பணத்தில் இடிந்த வகுப்பறையைக் கட்டி அனுப்புகிறார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென்ட் ஜான்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் கிரிக்கெட் மேட்ச் 1904-ல் ஆரம்பித்தது. 'வடக்கின் பெருஞ்சமர்' என்று அதற்குப் பெயர். நிஜமான சமர் நடந்த மண்ணில் மேட்சுக்கு அந்தப் பெயரை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

நமக்கு ஏன் அப்படி ஒட்டவில்லை? எனக்குத் தோன்றுவது, ஹாஸ்டல். தாம்பரத்தில் கிறிஸ்துவக் கல்லூரிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1937-ல் அங்கே குடிபோன காலேஜ். சேலையூர் ஹாலா, தாமஸ் ஹாலா, ஹீபர் ஹாலா என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி. வகுப்பு, சப்ஜெக்ட் எல்லாம் அப்புறம். ராத்திரி ஒரே கூரையில் தூங்கினவன் மறக்கமாட்டான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து போனவர்கள் டே ஸ்காலர்கள். மணி அடித்ததும் பாதிப் பேருக்கு டைப்ரைட்டிங், டாலி கிளாஸ். மீதிப் பேருக்குப் பார்ட் டைம் வேலை. எங்களுக்கு வாய்த்த ஹால் அரக்கோணம் லோக்கலில் முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி. நிற்க இடம் கொடுத்தவன், ஃபுட்போர்டில் பை வாங்கி வைத்துக்கொண்டவன், கொரட்டூரில் ஏறி அம்பத்தூர் வருவதற்குள் காஸ்ட் அக்கவுன்டிங்கில் ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். இவர்கள்தான் அலும்னி. பெயர்கூடப் பல பேருக்குத் தெரியாது. பட்டப்பெயர்தான்.

இந்த மாதிரி அரைகுறைப் பழக்கத்துக்கு என்ன மதிப்பு என்று ஒரு அமெரிக்கர் கணக்கே போட்டிருக்கிறார். மார்க் கிரானொவெட்டர், 1973. ஆள் மூலமாக வேலை கிடைத்தவர்களைப் பிடித்து, அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 56 சதவீதம். அபூர்வமாக என்றவர்கள் 28. காரணம் எளிது. உயிர் நண்பனுக்கு உனக்குத் தெரிந்ததுதான் தெரியும். அவனும் உன்னோடு அதே டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அரைகுறையாகப் பழகினவன் வேறு டீக்கடை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2021 மே மாதம் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பேட்சில் பூந்தமல்லிப் பையன் ஒருவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷமாக ஒரே கம்பெனி, அதே டேபிள். கொரோனா இரண்டாவது அலையில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போய்விட்டான். மனைவி, ஆறு வயதில் ஒரு பெண், வயதான அம்மா. வாட்ஸ்அப் குரூப்பில் நாள் முழுக்க அகல்விளக்குப் படம். மறுநாள் வசூல். ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு சேர்ந்தது. அது ஆஸ்பத்திரி பாக்கிக்கே போதவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு 'டிபன்பாக்ஸ்' குரூப்பில் ஒரு கேள்வி போட்டான். அந்தக் குரூப்பில் அதுவரை அவன் எழுதியதே கிடையாது. நல்ல நாளுக்குக்கூட ஒரு வாழ்த்துப் படம் அனுப்பாதவன். காலேஜில் நாலு அடுக்குத் தூக்குவாளியோடு வருவான், அதனால் அந்தப் பெயர். இப்போது பி.எஃப். கன்சல்டன்ட் ஒருவரிடம் வேலை.

"கம்பெனில பி.எஃப். புடிச்சாங்களா?"

"புடிச்சாங்கடா. அதுக்கென்ன?"

"அப்ப ஈ.டி.எல்.ஐ. உண்டு. யாராவது அப்ளை பண்ணாங்களா?"

அறுபத்தெட்டு பி.காம். பட்டதாரிகள் இருந்த குரூப்பில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அதில் இரண்டு பேர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறார்கள்.

உங்களுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை, சொல்கிறேன். 1976-லிருந்து இருக்கிற இன்ஷூரன்ஸ் திட்டம். பி.எஃப். மெம்பர் வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் குடும்பத்துக்குப் பணம். இதற்கு நம் சம்பளத்தில் பத்துப் பைசா பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். பிடித்திருந்தால் பே ஸ்லிப்பில் வந்திருக்கும், நாமும் என்னடா இது என்று சண்டை போட்டுத் தெரிந்துகொண்டிருப்போம். கணக்கு இப்படி: கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரிச் சம்பளம், 15,000-க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 15,000 என்றே வைத்துக்கொண்டு, அதை 35-ஆல் பெருக்க வேண்டும். 5,25,000. அதோடு பி.எஃப். கணக்கில் இருந்த சராசரி பாலன்ஸில் பாதி, 1,75,000 வரை. இரண்டும் சேர்ந்து உச்சபட்சம் 7 லட்சம். அந்த உச்சவரம்பை ஏற்றியது 2021 ஏப்ரல் கடைசியில். அவன் இறந்தது அதற்கு மூன்றாவது வாரம்.

கம்பெனியில் அந்தப் பெண் போய்க் கேட்டபோது, "பி.எஃப். பணம் வரும்மா, வேற ஒண்ணும் கிடையாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷம் அந்தக் கம்பெனிக்கு அந்தச் செலானைக் கட்டிக்கொண்டிருந்தது யார் தெரியுமா? இறந்துபோனானே, அவன்தான்.

அப்புறம் டிபன்பாக்ஸ் பேசினான், நாங்கள் கேட்டோம். மூன்று ஃபாரம். பி.எஃப்.புக்கு 20, பென்ஷனுக்கு 10டி, இன்ஷூரன்ஸுக்கு 5ஐஎஃப். மனைவிக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு, பெண்ணுக்கு 25 வயது வரை தனியாக உண்டு. இதில் ஒரு சிக்கல். வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணம் ஆகவில்லை, அம்மா பெயரில் நாமினேஷன் எழுதியிருந்தான். கல்யாணம் ஆகிவிட்டால் பழைய நாமினேஷன் செல்லாது, புதிதாக எழுத வேண்டும் என்பது விதி. எழுதவில்லை. யார் எழுதுகிறார்கள்? ஆகவே வாரிசுச் சான்றிதழ், பூந்தமல்லி தாலுகா ஆபீஸ். ஊரடங்கு வேறு. அங்கேதான் இன்னொரு அரைகுறைப் பழக்கம் வந்தது. எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியே டிகிரி வாங்கியவன் ஒருவன் அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். எந்த ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் தாத்தா பெயர் எழுத வேண்டும், எந்த நாள் யார் சீட்டில் இருப்பார் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். கடையை ஒரு மணி நேரம் திறக்க அனுமதி இருந்த நாட்களில், அந்த ஒரு மணி நேரத்தையும் இதற்கே செலவழித்தான். ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை. "ஏன்டா?" என்று கேட்டதற்கு, "செகண்ட் இயர்ல அவன் பேப்பரைப் பார்த்துதான்டா பாஸ் பண்ணேன்" என்றான்.

ஐந்து மாதம் ஆயிற்று. அம்பத்தூர் பி.எஃப். ஆபீஸுக்கு ஆறு தடவை போனார்கள். இன்ஷூரன்ஸ் மட்டும் 6,85,000 ரூபாய் அந்தப் பெண்ணின் கணக்கில் ஏறியது. பி.எஃப்., பென்ஷன் தனி. அன்றைக்கு அவள் டிபன்பாக்ஸுக்குப் போன் செய்து, "அண்ணா, உங்க பேரு என்னண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். அத்தனை மாதமும் அவள் போனில் 'டிபன்பாக்ஸ் அண்ணா' என்றுதான் இருந்ததாம். பேங்க்கில் யார் உதவினார்கள் என்று கேட்டபோது சொல்லத் தெரியாமல் விழித்திருக்கிறாள்.

காலேஜ் சங்கத்திலிருந்து அவனுக்கு இன்றுவரை ஆண்டு விழா அழைப்பு போய்க்கொண்டிருக்கிறது. லைஃப் மெம்பர் இல்லையா. பெயரை எடுத்துவிடுங்கள் என்று நான் இரண்டு தடவை மெயில் போட்டேன். இந்த வருஷ அழைப்பை அவன் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மூன்றாவது மெயில் போடவில்லை.

டிபன்பாக்ஸ் இப்போது எங்கள் குரூப்பில் அட்மின். வாழ்த்துப் படம் அனுப்பினால் தூக்கிவிடுவான். ஆன்லைனில் நாமினேஷன் திருத்துவது எப்படி என்று ஒரு விளக்கம் எழுதி, குரூப்பின் உச்சியில் குத்தி வைத்திருக்கிறான். பி.எஃப். உள்ளவர்கள் 39 பேர். முடித்தவர்கள் எல்லாரும் 'டன்' என்று போட வேண்டும் என்பது உத்தரவு. இதுவரை 31 'டன்'. மிச்சம் எட்டுப் பேரின் பட்டியலைத் தினமும் காலை ஒன்பது மணிக்கு வெளியிடுகிறான். அதில் முதல் பெயர் ஒரு தனியார் பேங்க்கில் அசிஸ்டென்ட் மானேஜர். அங்கே அவனுக்கு வேலை, கணக்கு ஆரம்பிக்க வருகிறவர்களிடம் "ஸார், நாமினி பேரு எழுதலியே" என்று ஃபாரத்தைத் திருப்பிக் கொடுப்பது.